கருங்கேடயம் தந்த அளவுகோல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சிலருக்குப் பெயரே புகழின் முன்னறிவிப்பாக அமைந்துவிடுவதுண்டு. ஜெர்மன் மொழியில் ஷ்வார்ஸ்சில்ட் என்றால் கருங்கேடயம் என்று பொருள். கருந்துளை என்னும் சொல் இயற்பியலில் வழக்கத்துக்கு வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, அதன் எல்லைக் கோட்டைக் கணக்கிட்டுக் காட்டியவரின் குடும்பப் பெயர் அது. அந்த அறிஞர் கார்ல் ஷ்வார்ஸ்சில்ட். நாற்பத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்த அவருடைய வரலாற்றை நம் கல்லூரி மலரில் எழுத வேண்டும் என்ற ஆவல் எனக்கு எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

இவ்வாண்டு ஆய்வகத்தில் நிறமாலைமானியின் முன் அமர்ந்து, சோடியம் ஆவி விளக்கின் மஞ்சள் கோடுகளைக் குறுக்குக் கம்பியில் பொருத்திக் கொண்டிருந்தேன். அவ்வழியே வந்த எங்கள் விரிவுரையாளர், இதே போன்ற கோடுகளைக் கொண்டுதான் தொலைதூர விண்மீன் திரள்களில் உள்ள கருந்துளைகளை எடை போடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். கண்ணுக்கே தெரியாத பொருளை எந்தத் தராசில் நிறுப்பது? இக்கேள்வி என்னை விடவில்லை. விடை தேடிப் படித்த இடங்களில் எல்லாம் ஷ்வார்ஸ்சில்ட் ஆரம் என்ற தொடர் வந்துகொண்டே இருந்தது. அந்த ஆரத்துக்கு உரிய மனிதர் யார் என்று தேடினேன். தேடிக் கண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

இளமை

1873ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில், வசதியான யூத வணிகக் குடும்பம் ஒன்றில் கார்ல் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் அவரே மூத்தவர். குடும்பத்தில் அதற்கு முன் விஞ்ஞானியாக யாரும் இருந்ததில்லை. கைச்செலவுக்குக் கிடைத்த காசைச் சேர்த்து வில்லைகள் வாங்கித் தாமே தொலைநோக்கி அமைத்துக்கொண்ட சிறுவனுக்கு வானமே பள்ளியாயிற்று. பதினாறு வயதில், ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை விண்மீன்களின் பாதையைப் பற்றி அவர் எழுதிய இரு கட்டுரைகள் வானியல் ஆராய்ச்சி இதழில் வெளிவந்தன. நம்மில் பலர் மேல்நிலைப் பள்ளியில் நுழையும் வயது அது!

ஸ்ட்ராஸ்பர்க்கிலும் மியூனிக்கிலும் பயின்று, 1896இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் வியன்னா நகரின் குஃப்னர் வானாய்வகத்தில் பணியேற்றார்.

ஒளியை அளந்தவர்

அக்காலத்தில் விண்மீனின் ஒளியைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டனர். ஒளிப்படத் தகடு அப்போதுதான் வானியலுக்குள் நுழைந்து கொண்டிருந்தது. ஒளி பாதியாகக் குறைந்தால், நேரத்தை இரட்டிப்பாக்கினால் தகட்டில் அதே கருமை கிடைக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்விதியை ஷ்வார்ஸ்சில்ட் அப்படியே ஏற்கவில்லை, அளந்து பார்த்தார். மங்கிய ஒளிக்கு இரட்டிப்பு நேரம் போதவில்லை, மேலும் நேரம் வேண்டியிருந்தது. எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு வாய்பாட்டையும் அமைத்தார். தகட்டின் கருமையிலிருந்து விண்மீனின் ஒளியை எண்ணாக எடுத்துச் சொல்லும் கலை இவரால் வலுப்பெற்றது.

1901இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராகவும், ஒரு காலத்தில் கணித மேதை காஸ் தலைமையேற்றிருந்த வானாய்வகத்தின் இயக்குநராகவும் ஆனார். அப்போது வயது ஏறத்தாழ இருபத்தெட்டு. ஹில்பெர்ட், மின்கோவ்ஸ்கி போன்ற கணித வல்லுநர்கள் அங்கே உடன் பணியாற்றினர். 1905இல் முழுச் சூரிய கிரகணத்தைக் காண அல்ஜீரியாவுக்குச் சென்றார். 1906இல் சூரியனின் வெளியடுக்குகளில் வெப்பம் முக்கியமாகக் கதிர்வீச்சினால் கடத்தப்படுகிறது என்று காட்டினார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் ஒளியை ஒளிப்பட முறையில் அளந்து பட்டியலிடும் பெரும்பணியும் அவர் தலைமையில் நடந்தது.

1909இல் எல்ஸ் ரோசன்பாக் என்னும் அம்மையாரை மணந்தார். அவ்வாண்டே ஜெர்மனியின் புகழ்மிக்க போட்ஸ்டாம் வான் இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநர் பதவி அவரைத் தேடி வந்தது. அகாத்தே, மார்ட்டின், ஆல்ஃபிரட் என மூன்று குழந்தைகள் பிறந்தனர். இவர்களுள் மார்ட்டின் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

போட்ஸ்டாமில் அவர் செய்த ஒரு பணியை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஈர்ப்பு வலிமையுள்ள இடத்திலிருந்து புறப்படும் ஒளி சற்றே சிவப்புப் பக்கம் நகர வேண்டும் என்று ஐன்ஸ்டீன் கணித்திருந்தார். சூரிய நிறமாலையில் அந்த நகர்வு இருக்கிறதா என்று ஷ்வார்ஸ்சில்ட் 1914இல் அளந்தார். கிடைத்த எண் ஐன்ஸ்டீனுக்குத் தெளிவான ஆதரவாக அமையவில்லை. அமையாததை அமையாதது என்றே வெளியிட்டார். கொள்கை மீது அவருக்கு இருந்த ஆர்வம், அளவீட்டின் மீது கை வைக்க அவரைத் தூண்டவில்லை.

போர்முனையில் ஒரு கணக்கு

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. நாற்பது வயதைக் கடந்தவர், அரசின் ஆய்வகத் தலைவர். அவரைப் போருக்கு யாரும் இழுக்கவில்லை. எனினும் தாமே முன்வந்து படையில் சேர்ந்தார். யூதர்களின் நாட்டுப் பற்றை ஐயுறுவோர் நிறைந்த நாட்டில், அதை மெய்ப்பிக்கவே சென்றார் என்று கருதுவோர் உண்டு. பெல்ஜியத்தில் வானிலை நிலையத்தில் பணியாற்றினார். பிரான்சிலும் ரஷ்ய முனையிலும் பீரங்கிக் குண்டுகள் செல்லும் பாதையைக் கணக்கிட்டார்.

இவ்விடத்தில் என் மனம் சற்றுத் தடுமாறியதை மறைக்க விரும்பவில்லை. பதினாறு வயதில் விண்மீன்களின் பாதையைக் கணித்த அதே கை, நாற்பத்தொரு வயதில் மனிதர் மீது விழும் குண்டின் பாதையைக் கணித்தது. இரண்டுக்கும் கணிதம் ஏறத்தாழ ஒன்றே. அறிவு யார் கையில், எந்தக் காலத்தில் இருக்கிறதோ அந்தக் காலத்தின் கறையும் அதன் மேல் படிந்துவிடுகிறது. பெரியோர் வரலாற்றை எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதினால் அது வரலாறு ஆகாது.

1915 நவம்பரில் ஐன்ஸ்டீன் தம் பொதுச் சார்பியல் கொள்கையைப் பெர்லின் அறிவியற் கழகத்தில் வெளியிட்டார். புதன் கோளின் பாதை நூற்றாண்டுக்கு 43 வினாடிக் கோணம் கூடுதலாகத் திரும்புவது ஏன் என்ற நெடுநாள் புதிரை அது விடுவித்தது. ஆனால் ஐன்ஸ்டீன் அதைத் தோராய முறையில்தான் கணக்கிட்டிருந்தார். சமன்பாடுகள் அத்தனை சிக்கலானவை. போர்முனையில் இருந்த ஷ்வார்ஸ்சில்ட் அக்கட்டுரையைப் படித்தார். தோராயம் அவருக்குப் போதவில்லை. உருண்டையான, சுழலாத ஒரு பொருளைச் சுற்றியுள்ள வெளிக்கு அச்சமன்பாடுகளின் துல்லியமான தீர்வையே கண்டுபிடித்து, டிசம்பர் 22ஆம் நாள் ஐன்ஸ்டீனுக்குக் கடிதமாக அனுப்பினார். கொள்கை வெளியாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது! இவ்வளவு எளிய வடிவில் துல்லியத் தீர்வு கிடைக்கும் என்று ஐன்ஸ்டீனே எதிர்பார்க்கவில்லை. 1916 ஜனவரி 13ஆம் நாள் அவர் அதைக் கழகத்தில் அளித்தார். ஹாலந்தில் யோஹன்னஸ் டிராஸ்ட் என்ற ஆராய்ச்சி மாணவரும் அவ்வாண்டே தனியாக அதே தீர்வை அடைந்தார் என்பதையும் சொல்வது நேர்மை.

மூன்று கிலோமீட்டர்

அத்தீர்வில் ஒரு நீளம் தலைகாட்டியது. நிறையைப் பொறுத்து மாறும் அந்த நீளமே ஷ்வார்ஸ்சில்ட் ஆரம். ஒரு பொருளை அந்த ஆரத்துக்குள் அடக்கிவிட்டால், ஒளிகூட அதிலிருந்து வெளியேற முடியாது. சூரியனுக்கு அது சுமார் 3 கிலோமீட்டர். பூமிக்கு 9 மில்லிமீட்டர். அதாவது, இந்தப் பூமி முழுவதையும் சிறுவர்கள் ஆடும் கோலிக்குண்டு அளவுக்கு நசுக்க வேண்டும். விடுபடு வேகத்துக்கு நாம் படித்த நியூட்டன் வாய்பாட்டில் ஒளியின் வேகத்தை இட்டாலும் இதே நீளம்தான் வரும். அது தற்செயலான ஒற்றுமை. எனினும் தேர்வுக்குப் படிக்கும் நம் போன்றோர் நினைவில் வைத்துக்கொள்ள வசதியானது. ஒளியையே விடாத விண்மீன் இருக்கக்கூடும் என்று ஜான் மிச்செல் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1783இலேயே இவ்வழியில் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

பதுங்கு குழியில் அமர்ந்து கருந்துளையைக் கண்டுபிடித்தவர் என்று ஷ்வார்ஸ்சில்டைப் பற்றிச் சுவையாகச் சொல்வார் உண்டு. அது சரியன்று. இயற்கையில் எந்தப் பொருளும் அந்த ஆரம் வரை சுருங்கும் என்று அவர் கருதவில்லை. அடுத்து எழுதிய கட்டுரையில், சீரான அடர்த்தியுள்ள ஓர் உருண்டை அந்த ஆரத்தை எட்டும் முன்பே அதன் மையத்தில் அழுத்தம் முடிவிலியாகிவிடும் என்று காட்டினார். அவர் கண்டது கருந்துளையை அன்று. அதை அளக்கும் கோலை. அளவுகோலைச் செய்தவர், அளக்க வேண்டிய பொருள் வந்து சேரும்வரை இருக்கவில்லை.

போர்முனையிலேயே பெம்பிகஸ் என்னும் கொடிய தோல் நோய் அவரைப் பற்றியது. உடலெங்கும் கொப்புளங்கள் எழும் அந்நோய்க்கு அன்று மருந்தில்லை. 1916 மார்ச்சில் வீடு திரும்பினார். அந்த நிலையிலும் குவாண்டம் கொள்கை பற்றி ஒரு கட்டுரையை முடித்தார். அது அச்சாகி வெளிவந்த மே 11ஆம் நாளே அவர் உயிர் பிரிந்தது. கோட்டிங்கனில் அடக்கம் செய்யப்பட்டார். ஜூன் 29ஆம் நாள் கழகத்தில் நினைவுரை நிகழ்த்தியவர் ஐன்ஸ்டீன்.

இரையெடுக்கும் கருந்துளைகள்

அவர் மறைந்த பிறகு அந்த மூன்று கிலோமீட்டர் என்ன ஆயிற்று? பல ஆண்டுகள் அது காகிதத்தில் கிடந்தது. நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சந்திரசேகர், சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன் வெண்குள்ளனாக ஓய்வு பெற முடியாது என்று காட்டினார். 1939இல் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும், பெரிய விண்மீன் சரிந்து அந்த ஆரத்துக்குள் மறையும் என்று கணக்கிட்டனர். 1963இல் மார்ட்டன் ஷ்மிட் 3சி 273 என்ற பொருளின் நிறமாலையைப் படித்தபோது கதை வேறு திசையில் விரிந்தது. பார்வைக்கு மங்கலான விண்மீன். ஆனால் அதன் ஹைட்ரஜன் கோடுகள் ஏறத்தாழ 16 விழுக்காடு சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. எனவே அது சுமார் 240 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ளது. நம் பால்வீதி முழுவதையும்போல் நூறு மடங்குக்கு மேல் ஒளிர்கிறது. இத்தகையவற்றுக்குக் குவாசர் என்று பெயர்.

ஹார்வர்டு வானாய்வகத்தில் பல பத்தாண்டுகளாகச் சேமித்து வைத்திருந்த ஒளிப்படத் தகடுகளை எடுத்துப் பார்த்தனர். அப்பொருளின் ஒளி கூடியும் குறைந்தும் வந்திருப்பது தெரிந்தது. தகட்டின் கருமையை எண்ணாக மாற்றும் கலை யாருடையது என்பதை முன்பே கண்டோம். ஒரு பொருள் சில மாதங்களில் ஒளி மாறுமானால், ஒளி சில மாதங்களில் கடக்கும் தொலைவைவிட அது பெரிதாக இருக்க முடியாது. இத்தனை சிறிய இடத்தில் இத்தனை ஆற்றலா? 1969இல் டொனால்ட் லிண்டன்-பெல், விண்மீன் திரள்களின் மையத்தில் மாபெரும் கருந்துளைகள் இரையெடுக்கின்றன என்று விளக்கினார்.

இரை என்பது வாயு. அது நேராக உள்ளே விழுவதில்லை. சுழன்று சுழன்று தட்டாகப் பரவி, உராய்வினால் சூடேறி ஒளிர்ந்தபடியே உள்ளே இறங்குகிறது. ஷ்வார்ஸ்சில்டின் தீர்வின்படி, அவருடைய ஆரத்தைப்போல் மூன்று மடங்கு தொலைவு வரைதான் நிலையான வட்டப் பாதை உண்டு. அதற்குள் போனால் வீழ்ச்சிதான். அந்த எல்லைக்கு வருவதற்குள் வாயு தன் நிறையில் சுமார் 6 விழுக்காட்டை ஆற்றலாக வெளிவிட முடியும். சூரியனில் ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது கிடைப்பது 0.7 விழுக்காடே. ஒளிமிக்க குவாசர் ஒன்று எரிந்துகொண்டிருக்க, ஆண்டுக்குச் சில சூரியன்களின் எடையுள்ள வாயு போதும்.

இனி எடை போடும் கலைக்கு வருவோம். தட்டின் ஒளி பட்டு, சற்று வெளியே சுற்றும் வாயு மேகங்களும் ஒளிர்கின்றன. அவை விரைந்து சுற்றுவதால் அவற்றின் நிறமாலைக் கோடுகள் அகன்று தெரிகின்றன. இத்தகைய அகன்ற கோடுகளைச் சில விண்மீன் திரள்களின் மையத்தில் கார்ல் சைஃபர்ட் 1943இலேயே பதிவு செய்திருந்தார். கோட்டின் அகலம் வேகத்தைச் சொல்லும். தொலைவை அறிவது எப்படி? கிணற்றில் குரல் கொடுத்து, எதிரொலி வரும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை அறிவதைப்போல! தட்டின் ஒளி திடீரென்று கூடினால், சில நாட்களோ வாரங்களோ கழித்துத்தான் கோடுகளின் ஒளி கூடும். அந்தத் தாமதமே தொலைவு. வேகமும் தொலைவும் கிடைத்தால் நிறை கிடைத்துவிடும். சிலி நாட்டில் நான்கு பெரிய தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்த்து, 3சி 273இன் மேகங்கள் சுற்றுவதை 2018இல் நேரடியாகவே கண்டனர். அதன் கருந்துளை சுமார் 30 கோடிச் சூரியன்களின் நிறை கொண்டது. ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள், இன்னொரு விண்மீன் திரளின் மையத்தில் இரும்பு அணுவின் எக்ஸ் கதிர்க் கோடு சிவப்புப் பக்கம் நீண்டு இழுபடுவதை 1995இல் காட்டியது. 1914இல் ஷ்வார்ஸ்சில்ட் சூரியனில் தேடித் தெளிவாகக் காணாத அதே ஈர்ப்பு நகர்வு, கருந்துளையின் வாசலில் பேருருவாக வெளிப்பட்டது.

தந்தையும் மைந்தரும்

மார்ட்டினை நினைவிருக்கிறதல்லவா? தந்தை மறைந்தபோது அவருக்கு நான்கு வயது நிறையவில்லை. தந்தை உயிரைக் கொடுத்து உழைத்த அதே நாட்டில், இட்லரின் ஆட்சி யூதர்களைத் துரத்தியது. 1936இல் மார்ட்டின் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். பின்னாளில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் விண்மீன்களின் அமைப்பை ஆராய்ந்த பெரும் வானியலறிஞராகத் திகழ்ந்து 1997இல் மறைந்தார். 1979இல் அவர் ஒரு முறையை வகுத்தார். விண்மீன்கள் செல்லக்கூடிய பாதைகளை ஆயிரக்கணக்கில் கணினியில் கணக்கிட்டு, தகுந்த விகிதத்தில் அடுக்கி, ஒரு விண்மீன் திரளையே உருவாக்கிப் பார்க்கும் முறை அது.

சுமார் 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள எம் 87 என்ற விண்மீன் திரளுக்கு இம்முறையைப் பயன்படுத்தி, அதன் மையக் கருந்துளை 660 கோடிச் சூரியன் நிறை கொண்டது என்று 2011இல் கணித்தனர். வாயுவின் வேகத்தை அளந்த வேறொரு குழு 2013இல் சொன்ன எண் 350 கோடி. ஏறத்தாழப் பாதி! யாரும் தம் எண்ணை மற்றவருக்காக மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டும் அச்சில் அப்படியே நின்றன.

2017 ஏப்ரலில் ஹவாய், அரிசோனா, மெக்சிகோ, சிலி, ஸ்பெயின் ஆகிய இடங்களில் உள்ள ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் எம் 87ஐ நோக்கின. 1.3 மில்லிமீட்டர் அலைகள் அணுக் கடிகாரத்தின் துணையுடன் பதிவு செய்யப்பட்டன. பூமியே ஒரு தொலைநோக்கியானது போன்ற ஏற்பாடு அது. 2019 ஏப்ரல் 10ஆம் நாள் வெளியான படத்தை நாம் எல்லாரும் பார்த்தோம்: ஒளி வளையம், நடுவே இருள். அந்த வளையத்தின் அளவிலிருந்து கிடைத்த நிறை 650 கோடிச் சூரியன். மைந்தர் வகுத்த முறை தந்த எடையைத் தந்தையின் ஆரம் உறுதி செய்தது. அக்கருந்துளைக்கு அந்த ஆரம் சுமார் 1,900 கோடி கிலோமீட்டர். சூரியனிலிருந்து புளூட்டோ உள்ள தொலைவைப்போல் மூன்று மடங்கு.

நிறைவாக

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இந்தப் படிப்பு எதற்குப் பயன்படும் என்று ஊரில் கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் நேரான விடை இன்னும் இல்லை. தம் கணக்கு எதற்குப் பயன்படும் என்று ஷ்வார்ஸ்சில்டுக்கும் தெரிந்திருக்க வழியில்லை. தெரியாமலே அதைத் துல்லியமாகச் செய்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலரிடம் உள்ள பழக்கம் என்னிடமும் இருந்தது. விடை புத்தகத்தில் இருக்கிறது. அளவீடு அதற்கு ஒத்துவராவிட்டால், ஒத்துவரும்படி எண்ணைத் திருத்தி ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதிவிடுவது. இக்கட்டுரைக்காகப் படித்து முடித்த வாரத்தில் சோடியம் கோட்டின் அலைநீளம் எனக்குச் சரியாக வரவில்லை. வந்ததை வந்தபடியே எழுதினேன். மதிப்பெண் குறைந்தது. மறுவாரம் முப்பட்டகத்தைச் சரியாக மட்டப்படுத்தி மீண்டும் எடுத்தபோதுதான் முதல் பிழை எங்கே நேர்ந்தது என்று புரிந்தது. திருத்தி எழுதியிருந்தால் அது எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது.

நண்பர்களே, அடுத்த முறை அந்த மஞ்சள் கோடு குறுக்குக் கம்பியில் வந்து நிற்கும்போது, கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். கருந்துளையை நிறுக்கும் தராசும் அப்படி எழுதப்பட்ட எண்களால்தான் ஆனது.